ஒதிய மரத்தில் வளரும் நிலா

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறு மணி இருக்கும். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். அவளுக்கு 12 வயது.

"சித்தப்பா, பச்சையா பட்டம் மாதிரி ஒரு பூச்சி வந்துருக்கு. பின்னாடி ரெண்டு வால் தொங்குது. சீனித் தண்ணி வச்சேன், முருங்கைக் கீரை போட்டேன். எதையும் தொட மாட்டேங்குது."

படம் அனுப்பச் சொன்னேன். வாசல் டியூப் லைட்டுக்குக் கீழே, சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பால் கலந்த இளம்பச்சை இறகு. முன்னிறகின் மேல்விளிம்பில் அரக்கு நிறத்தில் ஒரு கரை, சேலைக்குக் கரை நெய்ததுபோல. இறகுக்கு ஒன்றாகக் கண் போன்ற நான்கு புள்ளிகள். பஞ்சு சுற்றியது போன்ற வெள்ளை உடம்பு. பின்னிறகுகள் இரண்டும் கீழே நீண்டு, நுனியில் லேசாக முறுக்கிய வால்களாக முடிந்திருந்தன. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நிலா அந்துப்பூச்சி. உயிரியலில் இதன் பெயர் ஆக்டியாஸ் செலீனி. செலீனி என்பது கிரேக்கர்களின் நிலாத் தெய்வம்.

"அது சாப்பிடாது பாப்பா. அதுக்குச் சாப்பிட வாயே கிடையாது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்ப எப்படி இம்புட்டுப் பெருசா வளந்துச்சு?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குப் பதில் அந்தப் பூச்சியிடம் இல்லை. தோட்டத்து வேலியில் நிற்கும் ஒரு மரத்தில் இருக்கிறது.

உலகத்தில் பெரும்பட்டு அந்துப்பூச்சிகள் 2,300 இனங்களுக்கு மேல் உண்டு. சாட்டர்னிடே என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். நமக்குத் தெரிந்த பட்டுப்புழு இந்தக் குடும்பத்தில் சேராது. மதுரை விளக்குத்தூண் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சேலைகளின் பட்டு, முசுக்கொட்டை இலை தின்னும் பாம்பிக்ஸ் மோரி என்ற புழு நூற்றது. மல்பெரி என்று இப்போது சொல்கிறோமே, அதுதான் முசுக்கொட்டை. அந்தப் புழுவை மனிதன் பல ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் வைத்து வளர்த்து வளர்த்து, அதன் அந்துப்பூச்சி பறக்கவே மறந்துவிட்டது. மதுரை நெசவாளர்களில் பெரும்பகுதியினரான சௌராஷ்டிரர்களைப் பட்டுநூல்காரர் என்றே ஊர் அழைத்தது. ஆனால் அவர்கள் தறியேற்றிய நூலுக்கும் அழகர்மலை ஓரத்தில் தானாகப் பிறந்து தானாக மடியும் காட்டுப்பட்டுக்கும் நேரடி உறவில்லை. சித்தப்பா பெரியப்பா வழி உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பெரும்பட்டு அந்துப்பூச்சிகளுக்கு இருக்கும் பொதுவான குணம், என் அண்ணன் மகள் கவனித்த அதே குணம்தான். சிறகு முளைத்த பிறகு அவை உண்பதில்லை. வாய் உறுப்புகள் சுருங்கி, பயன்படாத நிலையில் இருக்கும். உணவுப்பாதை வேலை செய்யாது. ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு நாள், புழுவாக இருந்தபோது சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துப் பறக்கும். அதற்குள் துணை தேட வேண்டும், முட்டையிட வேண்டும். கூட்டைவிட்டு வெளிவரும்போதே பெண் பூச்சியின் வயிறு முட்டைகளால் நிறைந்திருக்கும். எத்தனை முட்டை, எவ்வளவு தெம்பான முட்டை என்பதெல்லாம் புழுப்பருவத்தில் தின்ற இலையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். ஆகவே பூச்சியை அறிய வேண்டும் என்றால் புழுவைப் பார்க்க வேண்டும். புழுவைப் பார்க்க வேண்டும் என்றால் மரத்தைத் தேடிப் போக வேண்டும்.

நம்மூர்ப் பக்கம் நிலா அந்துப்பூச்சிக்குப் பிடித்தமான மரம் ஒதியன். ஒதிய மரம், உதிய மரம் என்றும் சொல்வார்கள். "ஒதிய மரம் தூணாமோ, ஓட்டாங்கிளிஞ்சல் காசாமோ" என்று ஒரு பழமொழி உண்டு. ஆள் மட்டும் வளர்ந்து வேலைக்கு வணங்காத பையனை "ஒதிய மரம் மாதிரி வளர்ந்து நிக்கிறான்" என்று வீட்டில் திட்டுவார்கள். மரம் மளமளவென்று பருக்கும். வெட்டினால் உள்ளே வலுவிருக்காது. உத்திரத்துக்கும் ஆகாது, தூணுக்கும் ஆகாது. அதனால் அதற்கு மரியாதை இல்லை. இந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தூணாகாத அந்த மரம் என்னென்னவாக ஆகிறது என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

கையளவு பருமனுள்ள கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் போதும், ஒதியன் வேர்பிடித்துத் தழைத்துவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாத்தி கட்ட வேண்டாம். அதனால்தான் வாடிப்பட்டி, பாலமேடு, நத்தம் பக்கம் பழைய தோட்டங்களின் வரப்போரத்தில் கிளுவையோடு கிளுவையாக ஒதியனும் நின்றது. ஆடுகளுக்குத் தழை ஒடிப்பார்கள். பட்டையை நாட்டு வைத்தியத்தில் புண்ணுக்குப் பயன்படுத்துவார்கள். பிசின் எடுப்பார்கள். இத்தனைக்கும் மேலே, இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் நிலா அந்துப்பூச்சி வந்து அதன் இலையிலும் சிறு கிளையிலும் முட்டையிட்டுவிட்டுப் போகும்.

ஒரு பெண் பூச்சி சுமார் 200 முட்டை இடும். ஒவ்வொன்றும் கடுகைவிடச் சற்றுப் பெரிது. வெளிர் நிறத்தில் கரும்பழுப்புத் திட்டுகளோடு, பழுப்புப் பசை பூசி இலையில் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டாது. இங்கே நாலு, அங்கே ஆறு என்று பிரித்து வைக்கும். ஓர் இலையை எறும்பு கண்டுபிடித்தாலும் மற்றது தப்பட்டும் என்ற ஏற்பாடு அது. பத்து நாள் முன்னே பின்னே குஞ்சுப்புழு முட்டையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்.

அந்தக் குஞ்சுப்புழுவைப் பார்த்தால் இதுதான் பிற்பாடு அந்தப் பச்சைப் பூச்சியாகும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். செங்கல் சிவப்பில், இடுப்பில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, எறும்பு அளவில் இருக்கும். முதல் முறை தோலுரித்த பின்னும் சிவப்புதான். இரண்டாம் முறை தோலுரித்து மூன்றாம் பருவத்துக்கு வரும்போது திடீரென்று பச்சையாகிவிடும். சின்ன வயதில் ஏதோ எறும்பு, வண்டு என்று ஏய்க்கப் போதுமான உருவம். பெரிதான பிறகு அந்த ஏய்ப்பு எடுபடாது, இலையோடு இலையாக மறைவதே வழி. ஐந்தாம் பருவத்தில் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்து, ஆப்பிள் பச்சையில், முதுகெங்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் குமிழ்களோடு இருக்கும். குமிழ்களின் மேல் சில குத்து மயிர்கள். தலையும் கால்களும் பழுப்பு. கிளைக்கு அடிப்பக்கமாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தின்னும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மூரில் முருங்கை மரம் வளர்க்கும் வீடுகளுக்குக் கம்பளிப்பூச்சி என்றாலே பயம். மழை முடிந்ததும் முருங்கை அடிமரத்தில் அவை கும்பலாக அப்பிக்கொள்ளும். மயிர் பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். பந்தம் கொளுத்திக் கருக்குவதுதான் வழக்கம். அந்தப் பயத்தில், மயிருள்ள எந்தப் புழுவைப் பார்த்தாலும் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிறது. ஒதிய மரத்துப் பச்சைப் புழு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை. தனித்தனியாக இருக்கும், சிறு கிளைகளில்தான் இருக்கும், விஷ மயிர் கிடையாது. பகலில் அடிமரத்தில் கும்பலாக அப்பியிருப்பது ஒன்று, கொப்பில் ஒற்றையாகத் தொங்குவது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் புழு பிழைக்கும்.

புழுவைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. மரத்தடியைப் பார்க்க வேண்டும். பெரிய புழுவின் புழுக்கை மிளகு அளவுக்கு இருக்கும்; வரிவரியாகப் பள்ளம் விழுந்து, உருளையாக இருக்கும். சுத்தமான தரையில் அது கிடந்தால் நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். புழுக்கை புதிதாக, ஈரமாக இருந்தால் புழு அங்கேயே இருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலை இதற்கு நல்ல நேரம்.

ஒரு புழு எவ்வளவு தின்னும்? தேனி, போடிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேட்டால் கணக்காகச் சொல்வார்கள். பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை பட்டுப்புழு ஏறக்குறைய 10,000 மடங்கு எடை கூடுகிறது. மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கும் மேல் கடைசிப் பருவத்தில்தான் போகும். அந்த ஒரு வாரம் இராப்பகலாக இலை வெட்டிப் போட வேண்டியிருக்கும். காட்டு இனங்களுக்கும் இதே கதைதான். முதல் மூன்று வாரம் மரத்தில் புழு இருப்பதே தெரியாது. கடைசி வாரத்தில் ஒரு கொப்பு மொட்டையாகிவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் மருந்தடிக்க ஓடுகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் புழுவின் வேலை முடியப்போகிறது. மரத்துக்கு ஒரு கொப்பு போவது பொருட்டே இல்லை, அடுத்த மழையில் துளிர்த்துவிடும்.

என்ன இலை கொடுத்தாலும் தின்னுமா? தின்னாது. இதை நான் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் நாகமலை அடிவாரத்தில் ஒதியனில் இருந்து ஏழெட்டுப் புழுக்களை எடுத்துவந்து வலைப்பெட்டியில் வளர்த்தேன். பத்து நாள் நன்றாகத் தின்றன. ஒரு நாள் இலை தீர்ந்துபோனது. பக்கத்தில் நாவல் மரம் இருந்தது; பட்டு இனங்களில் சில நாவல் தின்னும் என்று படித்திருந்தேன். கொடுத்தேன். மோந்து பார்ப்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு விலகிப் போயின. இரண்டு நாள் பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. நிலா அந்துப்பூச்சிக்கு உணவுச் செடிகளின் பட்டியல் நீளமானது. இமயமலைப் பக்கம் அக்ரூட், பேரி, செர்ரி. மற்ற இடங்களில் செம்பருத்தி வகைகள், பூமருது. ஆனால் பட்டியல் இனத்துக்குத்தான். ஒரு புழுவுக்கு, அது முதன்முதலில் கடித்த இலைதான் உலகம். அந்த இலையின் வாசனையும் கசப்பும் துவர்ப்பும் அதன் நாக்கில் பதிந்துவிடும். பாதியில் மாற்றினால், பட்டினி கிடந்தாலும் கிடக்குமே தவிர வாய் வைக்காது. அந்த ஏழெட்டுப் புழுக்களுக்கு நான் செய்தது தவறு. அதற்குப் பிறகு புழுவைக் கொப்போடு விட்டு, மரத்திலேயே பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாவலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? நாவல் தின்பது இன்னோர் இனம். தசர் எனப்படும் காட்டுப்பட்டுப் பூச்சி. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பழங்குடி மக்கள் இதன் புழுவை மரத்திலேயே விட்டு வளர்த்துக் கூடு எடுக்கிறார்கள். அங்கே அதற்கு முக்கியமான மரங்கள் மருதும் கருமருதும் சாலும். இவற்றோடு நாவல், இலந்தை, வெக்காலி, நாட்டு வாதுமை என்று பலவற்றையும் தின்னும். சால் நம்மிடம் இல்லை. மற்றவை சிறுமலை, அழகர்மலை, வருசநாட்டுப் பக்கமெல்லாம் நிற்பவை. பழமுதிர்சோலைக்குப் போகிறவர்கள் ஔவைக்குச் சுட்ட பழம் கொடுத்த கதையைச் சொல்லி நாவல் மரத்தைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். அடுத்த முறை போகும்போது சுற்றியுள்ள நாவல்களின் கொப்புகளையும் ஒரு நிமிஷம் பாருங்கள். பழுப்பும் சாம்பலும் கலந்த, கோழிமுட்டையைச் சிறிதாக்கியது போன்ற ஒன்று, நீளக் காம்போடு தொங்கினால் அது பழமாக இருக்காது.

தசர் கூட்டின் அந்தக் காம்பு எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பிடித்த பகுதி. நூற்கத் தொடங்கும் முன் புழு முதலில் சிறு கிளையைச் சுற்றிப் பட்டாலேயே ஒரு வளையம் போடுகிறது. அந்த வளையத்திலிருந்து கெட்டியான ஒரு காம்பு. காம்பின் நுனியில்தான் கூடு. இலை உதிர்ந்தாலும் கூடு விழாது, காற்றில் ஆடிக்கொண்டே மாதக்கணக்கில் தொங்கும். கூட்டின் சுவர் அவ்வளவு கெட்டி, நகத்தால் கிழிக்க முடியாது. அப்படியானால் மென்மையான பூச்சி உள்ளேயிருந்து எப்படி வெளியே வருகிறது? தசர் இனத்தின் நெருங்கிய உறவினப் பூச்சிகளை வைத்து 1964-ல் கஃபாடோஸ், வில்லியம்ஸ் என்ற இருவர் இதை விளக்கினார்கள். பூச்சி தன் முகத்தருகே ஒரு நொதியைச் சுரக்கிறது. அது பட்டு இழைகளை ஒட்டவைத்திருக்கும் பசையை மட்டும் கரைக்கும். பசை போனதும் இழைகளை விலக்கிக்கொண்டு வழி கிடைத்துவிடுகிறது. நிலா அந்துப்பூச்சிகள் வேறு வழி வைத்திருக்கின்றன. அவற்றின் அமெரிக்க உறவினத்தில், முன்னிறகு தோளில் சேரும் இடத்தில் ரம்பம் போன்ற சிறு முள் இருக்கிறது. அதை வைத்து உள்ளிருந்தே அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

மருதைப் பற்றி மதுரைக்காரன் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "மருதைக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்கிறார்கள். மருத மரங்கள் நிறைந்த ஊர் என்பதால் மருதை, அதுவே மதுரை ஆயிற்று என்று சொல்வோர் உண்டு. பெயர்க்காரணம் அப்படியோ வேறெப்படியோ, வையைக் கரையில் திருமருத முன்துறை என்ற நீராடுதுறை இருந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அந்த மருதம் நீர்மருதா, ஊதாப் பூப் பூக்கும் பூமருதா என்று தாவரம் தெரிந்தவர்களுக்குள் வாதம் இருக்கிறது. காட்டுப்பட்டுப் புழுவைக் கேட்டால் இரண்டும் சம்மதம் என்று சொல்லும். தசர் உணவு மரங்களில் இரண்டுமே வருகின்றன. அந்த மருதந்தோப்புகள் கரையிலிருந்து போனபோது பூக்களோடு என்னென்ன போயிருக்கும் என்று ஆரப்பாளையம் பாலத்தைக் கடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

இதே குடும்பத்து இன்னொரு பெரிய பூச்சியான அட்லஸ் அந்துப்பூச்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது மதுரைச் சமவெளிக்காரர் இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் தப்ரோபானிஸ். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்துக்குப் போக வேண்டும். விரித்தால் ஒரு சாண் அகலம் வரும். செம்பழுப்பு இறகில் கண்ணாடி பதித்ததுபோல் ஒளி ஊடுருவும் முக்கோணங்கள். முன்னிறகின் நுனி பாம்புத் தலைபோல் வளைந்திருக்கும். புழு, மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெள்ளை மெழுகுப் பொடி பூசியிருக்கும். கருவாப்பட்டை மரம், கொய்யா, பெருமரம் இவற்றின் இலைகளைத் தின்னும் கூட்டம் அது. பெருமரம் சிவகாசித் தீக்குச்சிக்காக நம் பக்கம் நட்டு வளர்க்கிற மரம்தான்.

இந்தக் குடும்பத்தில் மனிதன் முழுவதுமாக வீட்டுக்குள் கொண்டுவந்தது எரிப் பட்டுப்புழு ஒன்றைத்தான். அசாம், மேகாலயா மக்கள் வளர்ப்பது. அதன் தீனி நமக்கு நன்றாகத் தெரிந்த ஆமணக்கு; மரவள்ளி இலையையும் தின்னும். எரிக்கூட்டின் ஒரு முனை திறந்தே இருக்கும். பூச்சி வெளியே போன பிறகு கூட்டைப் பஞ்சுபோல் நூற்கலாம். புழுவை வேகவைக்க வேண்டியதில்லை.

இனி மறுபடி ஒதிய மரத்துக்கு வருவோம். ஏனென்றால் இந்தப் பூச்சியின் காலக்கணக்கும் மரத்தின் காலக்கணக்கும் ஒன்றோடொன்று பின்னியவை. மதுரை வட்டாரத்துக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஒதியனில் இலை நிறைந்திருக்கும் காலமும் அதுதான். ஐப்பசியில் இட்ட முட்டை பொரித்து, ஐந்தாறு வாரம் தின்று, மார்கழி வாக்கில் புழு கூடு கட்டும். தை, மாசியில் மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், வெறுங்கொம்பில் பூக்கும். அந்த நேரத்தில் பூச்சி வெளியே வந்தால் முட்டையிட இலை இல்லை. ஆகவே கூட்டுப்புழு உள்ளேயே உறங்குகிறது. பகல் குறைவதையும் கூடுவதையும் புழுவும் கூட்டுப்புழுவும் உணர்ந்து இந்த உறக்கத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் பல பட்டுப்பூச்சிகளில் அறியப்பட்ட செய்தி. நல்ல காலமாக இருந்தால் கூட்டுக்குள் ஒரு மாதம், ஒன்றரை மாதம். வறண்ட காலத்தில் அதுவே பல மாதம்.

நிலா அந்துப்பூச்சியின் கூட்டுக்குத் தசர் கூடு போலக் காம்பு கிடையாது. இலையைச் சுற்றிக்கொண்டு பழுப்பு நிறத்தில் மெல்லிய கூடாகக் கட்டும். இலை உதிரும்போது கூடும் சேர்ந்து விழுந்து சருகோடு சருகாகக் கிடக்கும். அதற்கு வரும் பெரிய ஆபத்தும் இங்கேதான். பங்குனி, சித்திரையில் மலையில் தீப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் மாலை போட்டதுபோல் எரியும். தோட்டத்திலும் சருகைக் கூட்டி ஒரு தீக்குச்சி போடுவது எல்லோரும் செய்வது. அந்தச் சருகுக்குள் அடுத்த ஐப்பசியின் நிலாக்கள் படுத்திருக்கின்றன.

இவ்வளவையும் தாண்டி வெளியே வருவது எத்தனை? கணக்கு எளிது. 200 முட்டையில் சராசரியாக இரண்டு பிழைத்து இனம் பெருக்கினாலே எண்ணிக்கை குறையாமல் நிற்கும். மீதியை எறும்பும் குளவியும் பறவையும் ஊசி ஈயும் எடுத்துக்கொள்ளும். ஊசி ஈ புழுவின் மேல் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்னும். பட்டு வளர்ப்பவர்களுக்கும் இதுதான் தீராத தலைவலி. இயற்கையில் இந்த இழப்பெல்லாம் கணக்கில் வைத்தது. ஒன்றே ஒன்றைத்தான் அந்த 200 ஈடுகட்டாது: முட்டையிட மரமே இல்லாமல் போவது.

தப்பி வந்த பூச்சி காலை நேரத்தில் கூட்டைவிட்டு ஊர்ந்து வெளியேறி, ஏதாவது குச்சியில் ஏறித் தொங்கும். இறகு அப்போது கசங்கிய ஈரத்துணி போலிருக்கும். உடம்பிலிருந்து நீரை இறகு நரம்புகளுக்குள் செலுத்திச் செலுத்தி விரிக்கும். இரவு ஏறியதும் பெண் பூச்சி பறக்காமல் அமர்ந்தபடியே வயிற்று நுனியிலிருந்து ஒரு வாசனையைக் காற்றில் விடும். நமக்கு அது தெரியாது. ஆண் பூச்சிக்குத் தெரியும். அதன் உணர்கொம்புகள் தென்னங்கீற்றைச் சிறிதாக்கி வைத்ததுபோல் இரு பக்கமும் கிளை விட்டிருக்கும். வாசனையின் துளித் துணுக்கையும் சலித்தெடுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராகப் பறந்து வந்து சேரும். நள்ளிரவுக்குப் பின் சேர்ந்தால் மறுநாள் பகல் முழுக்க இணைபிரியாமல் இருக்கும். அன்று பொழுது சாய்ந்ததும் பெண் முட்டையிடக் கிளம்பும்.

அந்த வால் எதற்கு? அழகுக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோயில் கோபுரங்களிலும் சமணர் மலைக் குகைகளிலும் தங்கும் பூச்சி தின்னும் வௌவால்களை நினைத்தால் விடை புரியும். அவை இருட்டில் ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டு இரையைப் பிடிக்கின்றன. பறக்கும்போது பூச்சியின் முறுக்கிய வால் நுனி சுழலும். அந்த எதிரொலி வௌவாலைத் திசைதிருப்பிவிடும். நிலா அந்துப்பூச்சியின் அமெரிக்க உறவினத்தை வைத்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், வௌவால்களின் தாக்குதலில் பாதிக்கும் மேல் வாலை நோக்கியே போனது தெரிந்தது. வாலை நறுக்கிவிட்ட பூச்சிகள் மிகச் சுலபமாக மாட்டின. வால் போனாலும் பூச்சி பறக்கும். உடம்பு போனால் 200 முட்டையும் போகும். வால் கிழிந்த நிலா அந்துப்பூச்சியைப் பார்த்தால் அடிபட்டதே என்று பரிதாபப்பட வேண்டாம். அது ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறது.

ஆனால் நம் வாசல் விளக்கிடம் அதற்கு எந்த வித்தையும் இல்லை. வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுப் பூச்சி வருகிறது என்றுதான் காலங்காலமாகச் சொல்கிறோம், விட்டில் பூச்சியை உவமையாக்கிக் கவிதையும் எழுதுகிறோம். 2024-ல் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துச் செய்த ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. பறக்கும் பூச்சிக்கு எது மேல், எது கீழ் என்பதை வானத்து வெளிச்சம்தான் சொல்லும். வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பி வைத்துக்கொள்வது அதன் பழக்கம். பக்கத்தில் விளக்கு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டப்போய், சாய்ந்து, சுற்றிச் சுற்றி அங்கேயே அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு வார ஆயுளில் ஓர் இரவு நம் டியூப் லைட்டைச் சுற்றிக் கழிந்தால் அது பெரிய நஷ்டம். காலையில் காக்கை வந்துவிடும். எங்கள் அப்பத்தா, இரவில் வீட்டுக்குள் வரும் பெரிய பூச்சியைத் துடைப்பத்தால் தட்ட விடமாட்டார். விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பார். இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அண்ணன் மகளிடமும் அதைத்தான் சொன்னேன். பகல் முழுவதும் காக்கை கண்ணில் படாமல் ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டியதும் வேலியோரம் விட்டுவிடச் சொன்னேன். விட்டுவிட்டாள். மறுநாள் மறுபடி போன்.

"சித்தப்பா, பெட்டிக்குள்ள கடுகு மாதிரி ஒட்டிக் கிடக்கு. எண்ணிட்டேன், முப்பத்தியொண்ணு."

முட்டை ஒட்டியிருந்த அட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வாய்க்காலோரத்து ஒதியனின் கொப்புகளில் எறும்பு இல்லாத இடமாகப் பார்த்து நூலால் கட்டச் சொன்னேன். அந்த ஒதியன் நின்றதே தற்செயல். அண்ணன் முந்தைய வருஷம்தான் வேலியை மாற்றியிருந்தார். கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்தாகிவிட்டது. பதினைந்து இருபது போத்துகள் பிடுங்கப்பட்டுப் போயின. மூலையில் இருந்த ஒன்றின் வேர் வாய்க்கால் கரையைப் பிடித்திருந்ததால் அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

பதினோராம் நாள் சிவப்பாக நூல்போல் ஏதோ ஊர்வதாகச் சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பத்தொன்பது, பதினொன்று, ஆறு. பச்சையான பிறகு இரண்டைத்தான் அவளால் கண்டுபிடிக்க முடிந்தது, அதுவும் புழுக்கையை வைத்து. மார்கழிக் கடைசியில் நான் போயிருந்தேன். மரம் இலை கொட்டத் தொடங்கியிருந்தது. கொப்பில் ஒன்றும் இல்லை. கீழே சருகில் பழுப்புப் பொட்டலமாக ஒன்று கிடந்தது. கையில் எடுத்தால் அதன் அளவுக்குக் கனம் கூடுதல். காதருகே வைத்து மெல்ல அசைத்தபோது உள்ளே புரண்டது.

எடுத்த இடத்திலேயே வைத்தோம். மேலே நாலு சருகை அவள் போட்டாள். அப்புறம் வாய்க்காலில் இருந்து மூன்று கல் எடுத்துவந்து சுற்றி வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"அம்மா, மழை பெய்யற வரைக்கும் இந்த மூலையக் கூட்ட வேணாம்!"